மணிக்கணக்கை விடுங்கள், முதலில் தட்டையும் படுக்கையையும் பாருங்கள்

பிள்ளைக்கு எடை கூடிவிட்டது என்றால் எல்லோரும் உடனே சொல்வது, போனைப் பிடுங்கி வை, வெளியே விளையாட அனுப்பு என்பதுதான். இதில் பாதிதான் உண்மை. எங்கள் மகனுக்கு ஒன்பது வயதில் எடை கூடி, அதைச் சரிசெய்ய நாங்கள் செய்ததையெல்லாம் இன்று யோசித்துப் பார்த்தால், திரை அவனை உட்கார வைத்ததைவிட, பார்த்துக்கொண்டே சாப்பிட வைத்ததும் தூக்கத்தைப் பறித்ததும்தான் பெரிய சேதம் என்று தோன்றுகிறது. இது தெரியாமல், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் என்று சட்டம் போட்டுவிட்டு, அந்த ஒரு மணி நேரத்தையும் கையில் ஒரு தீனிப் பொட்டலத்தோடு கழிக்க விட்டால் பெரிதாக எதுவும் மாறாது. இதே கவலையில் இருக்கும் அம்மா அப்பாக்களுக்கு எங்கே முதலில் கைவைப்பது என்பதாவது தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இருமல் காய்ச்சலுக்காகக் குழந்தைகள் நல மருத்துவரிடம் போனபோதுதான் விஷயமே தெரிந்தது. எடை, உயரம் இரண்டையும் எடுத்து, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ கணக்குப் போட்டு, வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்தார். முந்தைய வருடங்களின் புள்ளிகளோடு சேர்த்துப் பார்த்தால் கோடு விறுவிறுவென ஏறியிருந்தது. பெரியவர்களுக்கு பிஎம்ஐ இத்தனையைத் தாண்டினால் அதிக எடை என்று ஒரே எண்ணில் சொல்லிவிடலாம், பிள்ளைகளுக்கு அப்படி முடியாது, வயதைப் பொறுத்தும் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தும் அளவு மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடத்தில், 5 முதல் 19 வயது வரைக்கும், நடுக்கோட்டுக்கு மேலே +1 என்ற கோட்டைத் தாண்டினால் அதிக எடை, +2 என்ற கோட்டைத் தாண்டினால் உடல் பருமன். எங்கள் மகன் முதல் கோட்டைத் தாண்டி இரண்டாவதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கொழுகொழுவென்று நன்றாக இருக்கிறான் என்றுதான் சொல்வார்கள். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, அதனால் வருடத்துக்கு ஒரு தடவையாவது உயரமும் எடையும் எடுத்து அந்த வரைபடத்தில் குறித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மருத்துவர் கேட்ட கேள்விகள் இன்னும் நினைவிருக்கின்றன. எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறான் என்று முதலில் கேட்கவில்லை. எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறான், அப்போது எதிரே என்ன ஓடுகிறது, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான், தூங்கும் அறையில் திரை ஏதாவது இருக்கிறதா, குறட்டை விடுகிறானா, இப்படித்தான் போனது. கழுத்தின் பின்பக்கத் தோலையும் பார்த்தார். அங்கே தோல் கருத்துத் தடித்திருந்தால், உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளமாக இருக்கலாம். அவனுக்கு அது இல்லை. அப்புறம் அவர் சொன்ன ஒன்றுதான் எங்களை நிதானப்படுத்தியது: இவனுக்கு எடையைக் குறைக்க வேண்டியதில்லை, வேகமாக ஏறுவதை நிறுத்தினாலே போதும், உயரம் வளர வளர எடை அதற்குப் பொருந்தி வந்துவிடும். வளரும் பிள்ளையின் சாப்பாட்டை நீங்களாகப் பாதியாக்கிவிடாதீர்கள் என்று கண்டிப்பாகவும் சொன்னார்.

இது எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டுமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் 5 முதல் 19 வயதுக்காரர்களில் 39 கோடிக்கும் அதிகமானோர் அதிக எடையோடு இருந்தார்கள். 1990-ல் அந்த வயதினரில் 8 சதவீதமாக இருந்தது, 2022-ல் 20 சதவீதம். உலகத்தில் இத்தனை வீடுகளில் நடப்பதை ஒரு அம்மாவின் வளர்ப்பு சரியில்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

தட்டையும் படுக்கையையும் பற்றி மருத்துவர் ஏன் அவ்வளவு அழுத்திக் கேட்டார் என்று தேடிப் படித்தேன். அதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ராபின்சன் 1999-ல் வெளியிட்ட ஆய்வு. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொண்டு, ஒன்றில் மட்டும் 3, 4-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டிவி, வீடியோ, வீடியோ கேம் நேரத்தைக் குறைக்கப் பாடம் நடத்தினார்கள். டயட், உடற்பயிற்சி என்று எதுவும் தனியாகச் சொல்லவில்லை. கல்வியாண்டு முடியும்போது அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் பிஎம்ஐ, மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே கூடியிருந்தது. விளையாட்டு பெரிதாகக் கூடிவிட்டதா என்றால் இல்லை, டிவி முன்னால் சாப்பிடுவதுதான் குறைந்திருந்தது. 2008-ல் லெனார்ட் எப்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் 4 முதல் 7 வயதுப் பிள்ளைகளின் டிவி, கம்ப்யூட்டர் நேரத்தை ஒரு கருவி வைத்துப் பாதியாக்கிப் பார்த்தார்கள். அங்கேயும் எடை ஏற்றம் குறைந்தது, அதற்குக் காரணம் அதிகம் ஓடியாடியது என்பதைவிடக் குறைவாகச் சாப்பிட்டது என்றுதான் தெரிந்தது. ஆக, திரைக்கும் எடைக்கும் நடுவில் இருப்பது வாய்தான்.

முதலில் தட்டு. சாப்பிடும் இடத்தில் எந்தத் திரையும் கிடையாது, அப்பா போனும் கிடையாது, அம்மா போனும் கிடையாது என்று வைத்தோம். பிள்ளைக்கு மட்டும் இந்தச் சட்டத்தைப் போட்டால் அது ஒரு வாரம்கூட ஓடாது, நீங்கள் ஒரு கையால் மெசேஜ் பார்த்துக்கொண்டே அவனை அதட்ட முடியாது. தொடக்கத்தில் அவன் கோபித்துக்கொண்டான், தட்டைத் தள்ளினான், வேகவேகமாக நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்து ஓடினான். நாங்கள் திட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. சாப்பிட்டு முடித்தாலும் மற்றவர்கள் முடிக்கும்வரை உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம் என்பது மட்டும்தான் நிபந்தனை, ஏனென்றால் எழுந்தவுடன் போன் கிடைக்கும் என்றால் எந்தப் பிள்ளையும் அவசர அவசரமாகத்தான் விழுங்கும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும், கண்ணும் மனமும் கதையில் இருந்தால் அந்தச் செய்தி வந்தாலும் கவனிப்பதில்லை. திரை போன பிறகு அவன் தானாகவே 'போதும்' என்று சொல்ல ஆரம்பித்தான். அதுவரை தட்டு காலியானால் மட்டுமே நிறுத்துவான். இந்த மாற்றம்தான் எனக்கு முதல் நம்பிக்கை.

இதைவிடக் கஷ்டமாக இருந்தது சின்னவள் விஷயம். அவளுக்கு அப்போது இரண்டரை வயது, போனில் பாட்டு ஓடினால்தான் வாய் திறப்பாள். ஒல்லியாகத்தான் இருந்தாள், எடை ஒரு பிரச்சினையே இல்லை, அதனால் இவளுக்கு எதற்கு இந்தக் கட்டுப்பாடு என்று என் அம்மா கேட்டார். "பிள்ளை பட்டினியா கிடக்கட்டும்னு விட்டுடுவியாடா?" என்று ஒரு நாள் கண் கலங்கிவிட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது, ஊட்டுகிறவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் போன் பார்த்துச் சாப்பிடும் பிள்ளை பசியால் சாப்பிடுவதில்லை, வாய் தன்னால் திறக்கிறது, நாம் போடுகிறோம். இப்படியே நாலைந்து வருடம் போனால் தனக்கு எவ்வளவு பசி என்பதே தெரியாத பிள்ளையாகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதும் இதை ஒட்டித்தான்: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது.

அம்மாவோடு வாதம் செய்யாமல் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்வது, எவ்வளவு என்பதை அவளே முடிவு செய்வது. ஊட்டுவதைக் குறைத்து, கையில் எடுத்துச் சாப்பிடும்படி சின்னச் சின்னத் துண்டுகளாக வைத்தோம். தரையெல்லாம் சிந்தினாள், முதல் சில நாட்கள் மிகக் குறைவாகவே சாப்பிட்டாள், அம்மாவுக்கு மனசே கேட்கவில்லை. நடுவில் பசிக்கிறது என்றால் அடுத்த வேளை வரைக்கும் தண்ணீர் மட்டும் என்று கறாராக இல்லை, பழம் கொடுத்தோம், ஆனால் பாலும் பிஸ்கட்டும் கொடுத்து வயிற்றை அடைக்கவில்லை. அப்புறம் மெதுவாகச் சரியாகிவிட்டது. ஆரோக்கியமான பிள்ளை ஒரு வேளை குறைத்துச் சாப்பிட்டால் அடுத்த வேளை தானே ஈடுகட்டிக்கொள்ளும். எடை ஏறாமல் மெலிந்துகொண்டே போகிற பிள்ளை என்றால் மட்டும் இதை மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நொறுக்குத் தீனியை நாங்கள் முழுதாக நிறுத்தவில்லை. திரை முன்னால் எதுவும் சாப்பிடுவதில்லை, சாப்பிட வேண்டுமானால் நிறுத்திவிட்டு மேசைக்கு வந்து கிண்ணத்தில் போட்டுச் சாப்பிடலாம், பொட்டலத்தோடு கிடையாது, இவ்வளவுதான் விதி. இந்த ஒரு விதியே பாதித் தீனியைக் குறைத்துவிட்டது, ஏனென்றால் நிறுத்திவிட்டு எழுந்து வரும் அளவுக்குப் பல நேரங்களில் அவனுக்குப் பசியே இருப்பதில்லை. இன்னொன்று, திரையில் வரும் உணவு விளம்பரம். 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உணவு விளம்பரத்தோடு கார்ட்டூன் பார்த்த 7 முதல் 11 வயதுப் பிள்ளைகள், மற்ற விளம்பரங்களோடு பார்த்தவர்களைவிட 45 சதவீதம் அதிகம் கொறித்தார்கள். விளம்பரத்தில் வந்த பொருள்கூட இல்லை, எதிரே வைத்திருந்த வேறொரு தீனி. இப்போது விளம்பரம் என்று தெரியாமலே எத்தனையோ வீடியோக்களில் யாராவது உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெற்றோர் எத்தனை மணி நேரம் என்று மட்டும் பார்க்காமல் என்ன ஓடுகிறது என்றும் எட்டிப் பார்க்க வேண்டும். இனிப்புப் பானங்களை மட்டும் வீட்டுக்கு வாங்குவதையே நிறுத்தினோம். வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காதே என்று சொல்வது பிள்ளைக்குச் செய்கிற கொடுமை.

அடுத்தது தூக்கம். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், ஆனால் எடை என்று பேச ஆரம்பித்தால் யாரும் இதைத் தொடுவதே இல்லை. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம். எங்கள் மகன் படுக்கைக்குப் போவது சரியான நேரத்தில்தான், ஆனால் டேப்லெட்டோடு போவான், தூங்குவது எப்போது என்று எங்களுக்கே தெரியாது. ராத்திரி வெளிச்சம் கண்ணில் பட்டால் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பது குறைகிறது. பிள்ளைகளின் கண்மணி பெரிது, கண்வில்லை தெளிவாக இருக்கும், அதனால் பெரியவர்களைவிட அவர்களுக்குத்தான் இந்தப் பாதிப்பு அதிகம். வெளிச்சத்தைக் குறைத்துவிட்டேனே என்று நினைக்காதீர்கள், பார்க்கிற கதையும் ஆட்டமும் கொடுக்கும் பரபரப்பு ஒரு பக்கம் இருக்கிறது.

தூக்கம் குறைந்த மறுநாள் என்ன நடக்கும் என்று நீங்களே கவனித்துப் பாருங்கள். காலையில் சாப்பிடப் பிடிக்காது, சாயங்காலம் இனிப்பும் பொரித்ததுமாகத் தேடுவான், விளையாடக் கூப்பிட்டால் வர மாட்டான், சோர்ந்துபோய் மறுபடியும் திரை முன்னால் விழுவான். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளை ஒரு வாரம் வழக்கத்தைவிட அதிக நேரமும் இன்னொரு வாரம் குறைந்த நேரமும் தூங்க வைத்தார்கள். அதிகம் தூங்கிய வாரத்தில் நாளுக்குச் சராசரியாக 134 கலோரி குறைவாகச் சாப்பிட்டதாகப் பதிவானது. யாரும் அவர்களைச் சாப்பிடாதே என்று சொல்லவில்லை.

நாங்கள் செய்தது, எல்லாச் சார்ஜர்களையும் படுக்கையறையிலிருந்து எடுத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தது. தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எல்லாப் போனும் டேப்லெட்டும் அங்கே போய்விடும், எங்களுடையதும்தான். அலாரத்துக்குப் போன் வேண்டும் என்று என் மனைவி சொன்னார், ஒரு அலாரக் கடிகாரம் வாங்கினோம். அந்த ஒரு மணி நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதுதான் சிக்கல். குளியல், மறுநாள் பையை எடுத்து வைப்பது, கதைப் புத்தகம், சும்மா படுத்துக்கொண்டு பேசுவது, இப்படிப் போனது. விடுமுறை நாட்களிலும் தூங்கும் நேரத்தை அதிகம் தள்ளவிடாதீர்கள், வாரக் கடைசியில் இரண்டு நாள் தள்ளினால் திங்கட்கிழமை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 5 முதல் 17 வயதுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரே மூச்சில் வேண்டியதில்லை, துண்டு துண்டாகவும் சேரலாம். போய் விளையாடு என்று அனுப்பினால் போக மாட்டான், கூட ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தபோதுதான் அவன் வெளியே நின்றான், யாரும் வராத நாளில் நான் போனேன். எடைக்காக என்று ஒருபோதும் சொல்லவில்லை. எடை மாறாவிட்டாலும் ஓடியாடுவதால் இதயத்துக்கும் எலும்புக்கும் தூக்கத்துக்கும் நல்லது.

நேரக் கட்டுப்பாட்டில் எங்களுக்கு உதவியது ஒரு சின்ன விஷயம். கடிகாரத்தைப் பார்த்து நடுவில் பிடுங்காமல், இந்த வீடியோ முடிந்ததும், இந்த ஆட்டம் முடிந்ததும் என்று முன்கூட்டியே சொல்லி நிறுத்தினோம். அடுத்த வீடியோ தானாக ஓடும் ஆட்டோபிளேயை எல்லாக் கருவியிலும் அணைத்துவிட்டோம், ஏனென்றால் முடிவே இல்லாத ஒன்றை முடி என்று பிள்ளையிடம் சொல்ல முடியாது. பள்ளிப் பாடத்துக்காகப் பார்ப்பதையும் தாத்தாவோடு வீடியோ காலில் பேசுவதையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பிரிட்டனின் குழந்தைகள் நல மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2019-ல் எல்லோருக்கும் பொருந்தும் ஒரு மணிக்கணக்கைச் சொல்ல மறுத்துவிட்டு, குடும்பங்களிடம் சில கேள்விகளை மட்டும் கேட்டது: திரை நேரம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, குடும்பமாகச் செய்ய நினைப்பதை அது கெடுக்கிறதா, தூக்கத்தைக் கெடுக்கிறதா, பார்க்கும்போது கொறிப்பதை உங்களால் கட்டுப்படுத்த முடிகிறதா. எனக்கு இது மணிக்கணக்கைவிட நேர்மையான அளவுகோலாகப் படுகிறது.

இதெல்லாவற்றையும்விடக் கவனமாக இருக்க வேண்டியது பேச்சில். 'குண்டு' என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லக்கூடாது, செல்லமாகக்கூட. ஒரு விசேஷத்தில் உறவினர் ஒருவர் அவன் கன்னத்தைக் கிள்ளி, தட்டைப் பார்த்து ஏதோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து கொஞ்ச காலம் அவன் யார் முன்னாலும் சட்டையைக் கழற்ற மாட்டான், நீச்சலுக்கும் வர மாட்டேன் என்றான், எங்களுக்குத் தெரியாமல் அறைக்குள் எடுத்துப் போய்ச் சாப்பிட்டான். கேலி செய்தால் பிள்ளை ரோஷப்பட்டுக் குறைப்பான் என்று நம்புகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். நடப்பது நேர் எதிர்: எடைக்காகக் கேலி செய்யப்படும் பிள்ளைகள் ஒளித்துச் சாப்பிடுவதும் விளையாட்டிலிருந்து ஒதுங்குவதும்தான் அதிகம். நான் அந்த உறவினரிடம் தனியாகப் போய், அவன் உடம்பைப் பற்றி அவன் முன்னால் பேச வேண்டாம் என்று சொன்னேன். மனஸ்தாபம் வந்தது, வரட்டும். அதே காரணத்துக்காகத்தான் வீட்டில் அவனுக்கு மட்டும் தனிச் சாப்பாடு, சின்னவளுக்கு வேறு என்று வைக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, எல்லோருக்கும் ஒரே விதி.

எடை பார்க்கும் கருவியையும் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டோம். சில மாதங்களுக்கு ஒரு முறை மருத்துவரிடம் மட்டும் எடை பார்ப்பது. முதல் தடவை போனபோது எடை கொஞ்சம் கூடித்தான் இருந்தது, எனக்குச் சோர்வாகிவிட்டது, ஆனால் அவர் வரைபடத்தைக் காட்டினார், உயரமும் கூடியிருந்ததால் கோடு ஏறுவது நின்றிருந்தது. அதற்கப்புறம் மெதுவாக முதல் கோட்டை நோக்கித் திரும்பியிருக்கிறது. இன்னும் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறான், அவசரம் இல்லை.

இதெல்லாம் வீட்டில் செய்யக்கூடியவை. சில அறிகுறிகள் இருந்தால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்: தூக்கத்தில் பலமான குறட்டை, நடுநடுவே மூச்சு நின்று நின்று வருவது, கழுத்து, அக்குள் தோல் கருத்துத் தடிப்பது, அதிக தாகமும் அடிக்கடி சிறுநீர் போவதும், இடுப்பு அல்லது முழங்கால் வலியும் நொண்டலும், அடிக்கடி தலைவலி, எடை மட்டும் ஏறி உயரம் ஏறாமல் நிற்பது. போவதற்கு முன்னால் ஒரு வாரம், பிள்ளை எத்தனை மணிக்கு உண்மையில் தூங்கினான், எந்தெந்த வேளை திரை முன்னால் சாப்பிட்டான் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பழைய உயரம், எடைக் குறிப்புகள் இருந்தால் அதையும் சேர்த்து எடுத்துப் போங்கள், முந்தைய புள்ளிகள் இருந்தால்தான் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று அவரால் பார்க்க முடியும்.